இயந்திரம் ஆளைச் சேர்க்கிறதா, குறைக்கிறதா? இசைக்கலைஞர்களோடு விளையாடும் கலைக்கூடங்கள்

ஆம்ஸ்டர்டாம் நகரைச் சேர்ந்த மொனிக்கர் என்ற வடிவமைப்புக் கலைக்கூடம், 2013ஆம் ஆண்டில் லைட் லைட் என்ற இசைக்குழுவின் பாடலொன்றுக்காக இணையத்தில் ஒரு காணொளியைச் செய்து வெளியிட்டது. அந்தக் காணொளியின் உண்மையான நடிகர்கள், அதைப் பார்க்க வந்தவர்களின் கணினிச் சுட்டிகளே. பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் சிறுசிறு கட்டளைகள் தோன்றும். பார்ப்பவர் அவற்றுக்கு இணங்கியோ இணங்க மறுத்தோ தம் சுட்டியை நகர்த்துவார். அந்த நகர்வு பதிவாகி, முன்னர் வந்து போனவர்களின் சுட்டிகளோடு சேர்ந்துகொள்ளும். அடுத்து வருபவர் பார்க்கும்போது திரையில் ஒரு பெருங்கூட்டமே அலைந்துகொண்டிருக்கும். தொடவேண்டாம் என்று சொன்ன இடத்தைத்தான் அந்தக் கூட்டத்தில் பலர் தொடுவார்கள் என்பதையும் எதிர்பார்த்தே அந்த விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தது.

இதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 2010இல், பின்னர் மொனிக்கரை உருவாக்கியவர்களுள் இருவரான ரூல் வவுட்டர்ஸும் ஜொனதன் பக்கியும் வேறொரு டச்சு இசைக்குழுவுக்காகச் செய்த காணொளியில், பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சட்டகம், அதாவது காணொளியின் ஒரு தனிப்படம், கொடுக்கப்பட்டது. அந்தச் சட்டகத்தில் இசைக்கலைஞர் எப்படி நிற்கிறாரோ அப்படியே நின்று, கணினிக் கமெராவில் படமெடுத்து அனுப்பவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதிய படங்களைக் கோத்துக் காணொளி மறுபடியும் தொகுக்கப்பட்டது. இதில் பயன்பட்ட தொழில்நுட்பம் மிகச் சாதாரணமானது; அக்காலத்து எந்த இணைய மையத்திலும் இருந்த கமெராவும், யாரும் எழுதக்கூடிய நிரலும்தான். அப்படியிருந்தும் அது மக்களை இழுத்ததற்குக் காரணம், ஒரு பிள்ளைக்குக்கூட அரை நிமிடத்தில் விளங்கிவிடும் விதியொன்று அதற்கு இருந்தமைதான்.

இந்தக் கலைஞர்கள் அந்த விதியை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தவர்கள். லூனா மவுரர், ஏடோ பவுலஸ், பக்கி, வவுட்டர்ஸ் ஆகிய நால்வரும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, செயல்முறை, தர்க்கம், உள்ளீடு என்ற மூன்று தலைப்புகளில் தங்கள் வேலையை விளக்குகிறது. கலைஞர் முடிந்த பொருளொன்றைச் செய்து தருவதில்லை. சில நிபந்தனைகளை அமைக்கிறார், அவற்றுக்குள் மற்றவர்கள் கொண்டுவரும் உள்ளீடே படைப்பை நிரப்புகிறது. எங்கள் வாசகர்களுக்கு இது புதுமையாகப் படவேண்டியதில்லை. இராகத்தின் ஆரோகண அவரோகணமும் தாளத்தின் அட்சரக் கணக்கும் முன்னரே தீர்மானிக்கப்பட்ட நிபந்தனைகள். தனியாவர்த்தனம் அவற்றுக்குள் நடக்கும் விளையாட்டு. எனினும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கச்சேரியில் விளையாட உரிமை பெற்றவர்கள் பல ஆண்டுகள் பயின்றவர்கள். இந்தக் கலைக்கூடங்களின் படைப்புகளிலோ பயிற்சி இல்லாதவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது.

இத்தகைய கூட்டுழைப்பின் வரலாற்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் 1966 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ஒரு படைமுகாம் மண்டபத்தில் நடந்த ஒன்பது இரவு நிகழ்ச்சிகளுக்குத்தான் போய்ச் சேர்வார்கள். பெல் ஆய்வுகூடத்தின் பொறியியலாளரான பில்லி குளுவரும் ஓவியர் றொபர்ட் றோஷன்பேர்க்கும் முன்னின்று, 10 கலைஞர்களையும் ஏறத்தாழ 30 பொறியியலாளர்களையும் ஒன்றுசேர்த்தனர். றோஷன்பேர்க்கின் பங்களிப்பு ஒரு டென்னிஸ் ஆட்டம். மட்டையின் கைப்பிடிக்குள், பெல் பொறியியலாளர் ஒருவர் வடிவமைத்த மிகச் சிறிய பண்பலை ஒலிபரப்பியும் தொடு ஒலிவாங்கியும் பொருத்தப்பட்டிருந்தன. பந்து படும் ஒவ்வொரு முறையும் அந்த அடி மண்டபம் முழுவதும் பெருமணிபோல் ஒலிக்க, விளக்குகளுள் ஒன்று அணையும். கடைசி விளக்கும் அணைந்து ஆட்டம் தானாக முடிந்தபின், ஏறத்தாழ 500 பேர் இருட்டில் களத்துக்குள் வந்து நின்றார்கள். அவர்களை அகச்சிவப்புக் கமெராக்கள் மட்டுமே கண்டு திரைகளில் காட்டின. அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் அதே நிகழ்ச்சித் தொடரில் 10 தொலைபேசி இணைப்புகளைத் திறந்துவைத்து, உணவகம், பறவைக்கூடம், மின்நிலையம், பத்திரிகை அச்சகம் ஆகிய இடங்களின் ஓசைகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து அவற்றையே தம் வாத்தியமாக்கினார்.

இந்த இரண்டிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். இயந்திரம் வந்ததனால் அரங்கில் ஆட்கள் குறையவில்லை. இருட்டில் நின்ற 500 பேரும் தொலைபேசியின் மறுமுனையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்களும் அந்த இயந்திரத்தின் காரணமாகவே நிகழ்ச்சிக்குள் வந்தார்கள். மொனிக்கரின் சுட்டிக் கூட்டமும் அப்படியே. இந்த வகைப் படைப்பை மதிப்பிட நல்ல அளவுகோல் இதுவென்று நினைக்கிறேன். ஏனெனில் தமிழ் இசைக்கலைஞர்களின் அனுபவத்தில் இயந்திரம் பெரும்பாலும் இதற்கு நேரெதிரான வேலையைச் செய்திருக்கிறது.

நாதஸ்வரக் குழுவில் ஒரு காலத்தில் ஒத்து ஊதுவதற்கென்றே ஒருவர் இருந்தார். மூச்சை இழுக்கும்போதும் சுருதி அறாமல் மணிக்கணக்காக ஒரே சுரத்தை ஊதுவது இலேசான வேலையல்ல. இளம் மாணாக்கர் பலர் அந்த இடத்தில் இருந்துதான் கேள்வி ஞானம் பெற்றார்கள். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979இல் இலத்திரனியல் சுருதிப்பெட்டியை உருவாக்கிய பிறகு, அது படிப்படியாக எல்லா மேடைக்கும் வந்து சேர்ந்தது. பெட்டியின் சுருதி பிசகுவதில்லை, பயணச் செலவு கேட்பதில்லை, சாப்பாடும் வேண்டாம். ஒத்து ஊதுபவரின் நாற்காலி போயிற்று. அதோடு ஒரு பள்ளிக்கூடமும் போயிற்று. கோயில்களில் தீபாராதனை நேரத்தில் ஆளியைத் தட்டியவுடன் மோட்டார் சுழன்று முரசையும் சேமக்கலத்தையும் மணியையும் ஒரே கதியில் அடிக்கும் இயந்திரத்தைக் கொழும்புவாசிகள் நன்கறிவர். பொறியியல் நோக்கில் அது பாராட்டத்தக்க ஒரு தானியங்கி. ஆனால் அதன் ஒவ்வொரு கோலும் ஒருவருடைய கையின் இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. கலையும் தொழில்நுட்பமும் இணையும் திட்டம் என்று ஒருவர் வந்து நின்றால், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் தவில் வித்துவான் முதலில் சந்தேகப்படுவதை நாம் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சந்தேகம் கணக்குப் பார்த்து வந்தது.

அந்தத் தவிலையே எடுத்துக்கொண்டு, இத்தகைய கலைக்கூடமொன்றின் வேலை நடைமுறையில் எப்படியிருக்கும் என்று பார்க்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் பீசோ எனப்படும் வட்டத் தகடு கிடைக்கும். நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் தட்டின்மேல் வெள்ளைப் பூச்சு, அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள். பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருப்பதும் இதுதான். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலிக்கும். மாறாக அதை அதிரச் செய்தால் மின்சாரம் தரும். தவிலின் பலாமரக் கட்டையில், வலப்பக்க முகமான வலந்தலைக்கு அருகே ஒன்றும் மறுபுறத்தில் ஒன்றும் ஒட்டி, கம்பிகளை ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்தால், ஒவ்வோர் அடியும் எண்ணாக மாறிக் கணினிக்குள் போகும். அந்த எண்ணைக் கொண்டு விளக்கை எரிக்கலாம், பொம்மையை ஆட்டலாம், பார்வையாளர்களின் கைத்தொலைபேசிகளை ஒலிக்கச் செய்யலாம்.

சொல்வது சுலபம். தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு அணிந்து கையாலும் மற்றப் பக்கத்தைக் கழியாலும் வாசிக்கிறார்கள். கழியால் விழும் அடி முழுக் கட்டையையும் அதிரவைப்பதால், வலப்பக்கத் தகடும் தன்மேல் அடி விழுந்ததாக நினைத்துக்கொள்ளும். ஆகவே எந்த அளவுக்குக் குறைந்த அதிர்வைப் புறக்கணிப்பது என்று நிரலில் ஓர் எல்லை வைக்கவேண்டும். எல்லையை உயர்த்தினால் விரலின் நுண்மையான சொற்கள், அதாவது மெல்லிய அடிகள், காணாமற்போகும். தாழ்த்தினால் இல்லாத அடிகள் பதிவாகும். ஓர் அடியின் அதிர்வு அடங்குவதற்குள் அதையே இரண்டாம் முறை எண்ணாமலிருக்க, ஒவ்வோர் அடிக்கும் பின் 50 மில்லிவிநாடி கண்ணை மூடிக்கொள்ளும்படி நிரலுக்குச் சொல்வது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு விநாடியில் 20 அடிகளுக்கு மேல் அது எண்ணாது. மேற்கத்திய டிரம் வாசிப்புக்கு ஒரு பக்கத்துக்கு இது தாராளமாகப் போதும். மிக விரைவான மூன்றாம் காலத்தில் ஓர் உருட்டுச் சொல் வரும்போது இந்த எல்லை நெருக்கத் தொடங்கும். இயந்திரத்தைத் திருத்தவேண்டிய இடம் எது, வாசிப்பவர் வேண்டுமென்றே இயந்திரத்தை ஏமாற்றி விளையாடக்கூடிய இடம் எது என்பதை வித்துவானும் நிரலாளரும் ஒரே அறையில் பல நாள் இருந்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது. கலைக்கூடம் என்ற அமைப்பு தேவைப்படுவதன் முதற்காரணம் இதுவே. கருவியை வாங்கலாம், அந்த நாட்களை வாங்க முடியாது.

தாமதமும் கவனிக்கவேண்டிய ஒன்று. ஒலி ஒரு மில்லிவிநாடியில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்கிறது. 10 மில்லிவிநாடி தாமதமென்றால் மூன்றரை மீற்றர் தொலைவில் நிற்பவரோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். மேடையில் இது பழகியதே. புளூடூத் ஒலிபெருக்கி வழியாகப் போனால் தாமதம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் போய்விடுவது சாதாரணம். அந்நிலையில் தாளம் வைப்பவரின் கை தடுமாறும். அனுபவமுள்ள கூடங்கள் அதனால்தான் மேடையில் இன்னும் கம்பியையே நம்புகின்றன.

நாதஸ்வரத்தோடு சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்வதற்கான மிடி என்ற நியமம் 1983இல் வந்தபோது, அது விசைப்பலகையை மனதில் கொண்டு எழுதப்பட்டது. அதற்குத் தெரிந்த சுரங்கள் 128. ஒரு விசையை அழுத்தினால் சுரம் தொடங்கும், எடுத்தால் முடியும். தோடி இராகத்தின் காந்தாரம் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. இதழும் மூச்சும் விரலும் சேர்ந்து அதை இரு சுரங்களுக்கிடையே ஆட்டிக்கொண்டேயிருக்கும். சுரத்தை வளைப்பதற்கென மிடியில் 16,384 படிகள் கொண்ட வசதி உண்டென்றாலும், ஆரம்ப நியமத்தில் அது ஒரு வழித்தடத்தின் எல்லாச் சுரங்களையும் ஒன்றாகவே வளைத்தது. 2018இல் ஏற்கப்பட்ட விரிவாக்கமும் 2020இல் வந்த இரண்டாம் பதிப்பும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் தந்தன. நியமம் எங்கள் இசையை நோக்கி நகர்ந்து வர ஏறத்தாழ 35 ஆண்டுகள் எடுத்தன என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. கருவி நடுநிலையானது என்று சொல்பவர்களுக்குப் பதிலாக இது போதும்.

கொழும்பில் இத்தகைய விளையாட்டுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பார்த்ததாக வானொலி வரலாறு சொல்கிறது; அதன் தொடர்ச்சியாகவே 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி தொடங்கியது. போர்க்கருவியின் எச்சத்தைப் பாட்டுக் கேட்பதற்குத் திருப்பிய அந்தக் காரியத்தை இன்று ஒரு கலைக்கூடம் செய்தால் விருது கொடுப்பார்கள். லயனல் வென்ட் இன்னொருவர். இலண்டனில் பியானோ பயின்றவர், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இரசாயனப் பரிசோதனைகள் செய்தவர், 1943இல் தோன்றிய 43 குழு ஓவியர்களைத் தம் வீட்டில் கூட்டியவர். இசை, கருவி, ஓவியம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் சந்தித்த அந்த வீடு இருந்த கில்ட்போர்ட் பிறை வீதியில்தான் 1953 முதல் அவர் பெயரிலான கலையகம் இயங்குகிறது.

வசதி படைத்தோரின் வட்டத்துக்கு வெளியே பார்க்க விரும்புபவர்கள் சூன் பாண் வண்டியைப் பார்க்கலாம். பேக்கரிச் சாமான் நிரப்பிய முச்சக்கர வண்டி ஒரு மலிவான இலத்திரனியல் பெட்டியில் பேத்தோவனின் பியானோ மெட்டொன்றை ஓயாமல் ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்ததும், கதவுகள் திறக்கும், கையில் காசோடு பிள்ளைகள் வெளியே வருவார்கள், அயலவர்கள் இருவர் நின்று கதைப்பார்கள். இசையின் தரத்தைப் பற்றி எனக்கும் முறைப்பாடு உண்டு. ஆனால் ஆட்களை வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரும் இயந்திரம் என்ற வகையில், கோயில் முரசு இயந்திரத்தைவிட இது நான் சொன்ன அளவுகோலில் மேலே நிற்கிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை மெட்டு மாறும்படியோ, அந்தந்த ஒழுங்கைக்காரர்களே மெட்டை இயற்றிக் கொடுக்கும்படியோ செய்ய ஒரு கலைஞருக்கும் ஓர் இசைக்கலைஞருக்கும் ஒரு வண்டிக்காரருக்கும் பெரிய முதல் தேவையில்லை. வண்டிக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பது தனிக் கேள்வி. பழகிய மெட்டு மாறினால் வியாபாரம் படுக்கும் என்று அவர் சொன்னால், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பேசாமல் இந்தக் கலைக்கூடங்களைப் புரிந்துகொள்ள முடியாது. 2010இல் கனடா இசைக்குழுவான ஆர்கேட் ஃபயருக்காகக் கிறிஸ் மில்க் இயக்கிய இணையக் காணொளியொன்று, பார்ப்பவர் தாம் வளர்ந்த வீட்டின் முகவரியைத் தட்டினால் அந்தத் தெருவின் படங்களையே பாடலுக்குள் கொண்டுவந்தது. அது கூகுளோடு சேர்ந்து செய்யப்பட்டது. குரோம் உலாவியின் ஆற்றலைக் காட்டுவது கூகுளின் நோக்கங்களுள் ஒன்று. தெருக்களைப் படம்பிடித்த சேவையும் அவர்களுடையதே. அந்த ஆண்டில் இலங்கையின் தெருக்கள் அச்சேவையில் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனை முகவரியொன்றைத் தட்டியவருக்குத் தம் வீதி தெரிந்திராது. நிதி தருபவரின் வரைபடம் எங்கே முடிகிறதோ, விளையாட்டும் அங்கே முடிந்துவிடுகிறது. கொழும்பில் பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களின் விளம்பரப் பணம் இவ்வகை வேலைக்கு வருவது அரிது. வெளிநாட்டுக் கலாசார நிலையங்களின் மானியமும், கொழும்பஸ்கோப் போன்ற கலைவிழாக்களும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. மானியம் ஒரு விழாவுக்குப் போதும். வித்துவானும் நிரலாளரும் ஒரே அறையில் இருக்கவேண்டிய பல மாதங்களுக்குப் போதாது.

2022ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றியும் சொல்லத் தேவையில்லை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நகரத்தில், எந்நேரமும் இணைய இணைப்பில் இருக்கவேண்டிய படைப்பு என்பது சற்று அசட்டுத்துணிச்சல். கைத்தொலைபேசியின் மின்கலத்திலோ சிறிய சூரியத் தகட்டிலோ இயங்கக்கூடியதாக ஆரம்பத்திலேயே திட்டமிடுவது இங்கே அழகியல் முடிவாகவும் ஆகிவிடுகிறது.

இந்தப் படைப்புகளின் ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசெம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டபோது, அதில் எழுதப்பட்ட இணையக் கலையின் பெரும்பகுதி சாதாரண உலாவிகளில் திறக்க முடியாததாயிற்று. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011இல் ஓர் இசைத்தொகுப்பையே கைக்கணினிச் செயலிகளாக வெளியிட்டார். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 2014இல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது, அங்கு நிரந்தரச் சேகரிப்புக்கு எடுக்கப்பட்ட முதற் செயலி என்ற பெயரோடு. அப்படி ஓர் அருங்காட்சியகம் கைநீட்டாதவை என்னவாகும் என்பதற்கு அகமதாபாத் சான்று. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ரியூடரின் உதவியோடும் இந்திய இசைக்கலைஞர் கீதா சாராபாயின் ஊக்கத்தோடும் மூக் இலத்திரனியல் இசைக்கருவி ஒன்று நிறுவப்பட்டு, இந்திய இசையமைப்பாளர்கள் சில ஆண்டுகள் அதில் பரிசோதனை செய்தார்கள். பிறகு கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் பல தசாப்தங்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்து, அண்மைக் காலத்தில்தான் மீண்டும் வெளியுலகுக்குக் கேட்டன. நாடா என்பதால் பிழைத்தது. நிரலாக இருந்திருந்தால் சந்தேகம்தான்.

எனவே கொழும்பில் இவ்வகைக் கூடமொன்றைத் தொடங்க நினைப்பவர்கள் படைப்பின் விதியைக் கணினிக்கு வெளியே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தாளில் எழுதி வைப்பது உசிதம். மட்டையில் பந்து பட்டால் மணி அடிக்கவேண்டும், ஒரு விளக்கு அணையவேண்டும் என்ற விதி தெரிந்தால், 1966இன் கருவி ஒன்றுகூட இல்லாமல் இன்று புறக்கோட்டையில் வாங்கும் பாகங்களால் அந்த ஆட்டத்தை மறுபடி நடத்தலாம். நடத்துவதற்கு உரியவர் யார் என்பதைத்தான் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிகழ்த்துபவர்களுக்குத் தம் நிகழ்த்துகைமீது உரிமை உண்டென ஏற்று அதற்கு 50 ஆண்டுக் காலம் தருகிறது. பதிவுசெய்யப்பட்ட வாசிப்பு அதற்குள் தெளிவாக அடங்கும். ஒரு வித்துவானின் அடிகள் ஒலியாகப் பதிவாகாமல், எந்த மில்லிவிநாடியில் எவ்வளவு அழுத்தத்தோடு விழுந்தன என்ற எண்களாக மட்டும் சேமிக்கப்பட்டு, அவர் வராத மேடையில் மோட்டார்க் கோல்களை இயக்கப் பயன்பட்டால் என்ன என்பதற்குச் சட்டத்தின் வாசகத்தை நம்பியிருப்பதைவிட, முதல் தகட்டை ஒட்டுவதற்கு முன்பே அந்த எண்கள் யாருடையவை, யாரைக் கேட்டு எங்கே பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறைக்கும் அவருக்கு என்ன கொடுப்பனவு என்று எழுதிக் கையொப்பமிடுவது மேல்.